முதியோர் இல்லத்து மருந்து அலுமாரி

சொந்த வீட்டில் வாழும் முதியவர் ஒருவர், தாம் நாளும் விழுங்கும் குளிசைகளை நிறத்தாலும் வடிவத்தாலும் அடையாளங்கண்டு வைத்திருப்பார். வழக்கத்துக்கு மாறான ஒன்று கைக்கு வந்தால் அது என்னவென்று கேட்பதற்கு மகளோ மருமகளோ அருகில் இருப்பர். முதியோர் இல்லத்தில் வாழ்பவருக்கு அத்தகைய காவல் பெரும்பாலும் வாய்ப்பதில்லை. இருபது முப்பது பேருக்குரிய மருந்துகள் ஒரே அலுமாரியில் வைக்கப்பட்டு, ஒரே பணியாளரின் கையால், ஒரே வேளையில் பகிரப்படும் இடத்தில், இந்தக் குளிசை இன்னாருக்குரியது, இத்தனை மில்லிகிராம் கொண்டது, இன்ன வேளைக்குரியது என்று சாட்சி சொல்லக்கூடியது அதனோடு ஒட்டியிருக்கும் விவரச்சீட்டு ஒன்றே. அந்தச் சீட்டு கிழிந்தாலோ, மை கரைந்தாலோ, தொடக்கத்திலேயே அரைகுறையாக எழுதப்பட்டிருந்தாலோ, கண் மங்கி நினைவு தளர்ந்த ஒருவரின் உயிர் பணியாளரின் ஞாபகசக்தியை மட்டுமே நம்பி நிற்க நேரிடுகிறது.

2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களில் நூற்றுக்கு 12.4 பேர் 60 வயதை எட்டியவர்கள். அதன் பின்னர் அந்தப் பங்கு மேலும் உயர்ந்துள்ளது. மட்டக்களப்பில் இந்த மாற்றத்தோடு வேறு காரணங்களும் சேர்ந்துகொண்டன. நீண்ட போர், 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை, மத்திய கிழக்கு நாடுகளுக்கும் மேற்கு நாடுகளுக்கும் பிள்ளைகள் புறப்பட்டுப் போனமை ஆகியவை, பெற்றோரைத் தம்மோடு வைத்துப் பேணும் குடும்ப அமைப்பைப் பல ஊர்களில் தளரச் செய்தன. சுமார் 56 கிலோமீற்றர் நீளத்துக்கு நிலத்தை இரண்டாகப் பிரித்துக் கிடக்கும் வாவியின் கிழக்கே எழுவான்கரையும் மேற்கே படுவான்கரையும் இருக்கின்றன. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையும், களுவாஞ்சிகுடி, காத்தான்குடி, ஏறாவூர், வாழைச்சேனை ஆகிய ஆதார வைத்தியசாலைகளும் கிழக்குக் கரையோர நெடுஞ்சாலையை அண்டியே அமைந்திருப்பதால், படுவான்கரை முதியவர் ஒருவர் சிறப்புக் கிளினிக்குக்குச் செல்வதென்றால் பாலம் கடந்து வரவேண்டும். இதனால் ஒரு முறை செல்லும்போது ஒரு மாதத்துக்கோ அதற்கு மேலோ தேவையான மருந்தைப் பெற்றுக்கொண்டு திரும்புவதே வழக்கம். அந்த ஒரு மாத காலமும் மருந்து எவ்வாறு இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அரச வைத்தியசாலைகளில் மருந்து இலவசம். இலங்கை பெருமைப்படத்தக்க ஏற்பாடு அது. ஆயினும் அங்கு வரும் குளிசைகளிற் பல, 500 அல்லது 1000 கொண்ட பெரிய கொள்கலன்களில் வருவதால், மருந்தாளர் அவற்றை எண்ணிச் சிறிய கடதாசிப் பைகளில் இட்டு வழங்குகிறார். கொள்கலனின் மேல் அச்சிடப்பட்டிருந்த பெயர், அளவு, தொகுதி எண், காலாவதித் திகதி, எந்த வெப்பநிலையில் வைக்க வேண்டும் என்ற அறிவுறுத்தல் ஆகிய அனைத்தும் அந்தக் கணத்தில் குளிசையை விட்டுப் பிரிந்துவிடுகின்றன. அவற்றுள் எவை கடதாசிப் பையின் மேல் மீண்டும் எழுதப்படுகின்றனவோ அவை மட்டுமே இல்லத்துக்கு வந்து சேரும். நீண்ட வரிசையின் முன் நின்று நூற்றுக்கணக்கானோருக்கு மருந்து வழங்கும் மருந்தாளர், மருந்தின் பெயரைச் சுருக்கியும் வேளையைக் குறியீடாகவும் எழுதிவிடுவதைக் குற்றமாகச் சொல்வதற்கில்லை. காலையைக் குறிக்கும் ‘மானே’, இரவைக் குறிக்கும் ‘நொக்டே’, நாளுக்கு இரு முறை என்பதைக் குறிக்கும் ‘பி.டி.’, மும்முறை என்பதைக் குறிக்கும் ‘ரி.டி.எஸ்.’ ஆகியவை இலத்தீன் மொழியிலிருந்து வைத்தியத்துக்குள் வந்த குறிகள். வைத்தியரும் மருந்தாளரும் அவற்றை ஒரு பார்வையில் விளங்கிக்கொள்வர். இல்லத்தில் சமையலையும் துப்புரவையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு மருந்தும் கொடுக்கும் பெண்ணுக்கு அவை வெறும் கிறுக்கல்கள்.

ஒரு மருந்துப் பையின் மேல் குறைந்தது என்ன இருக்க வேண்டும் என்பதில் மருந்தியலாளரிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. நோயாளியின் முழுப்பெயர், மருந்தின் பெயர், ஒரு குளிசையில் உள்ள மில்லிகிராம், ஒரு வேளைக்கு எத்தனை குளிசை, எந்தெந்த வேளை, உணவுக்கு முன்னா பின்னா, வழங்கிய திகதி, காலாவதித் திகதி, சிறப்பு எச்சரிக்கை ஏதும் இருந்தால் அது ஆகியவை தெளிவான கையெழுத்திலோ அச்சிலோ இருக்க வேண்டும். இவற்றை மட்டக்களப்பில் தமிழில் எழுதுவதே முறை. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தின் வழியாகத் தமிழும் அரச கரும மொழியாயிற்று என்பது ஒருபுறமிருக்க, வாசிக்கத் தெரிந்த முதியவர் ஒருவர் தம் மருந்துப் பையைத் தாமே வாசித்துச் சரிபார்க்க முடிவது, எந்த மேற்பார்வையாளராலும் கொடுக்க முடியாத காவல். வாசிக்கத் தெரியாதோருக்குச் சூரியனும் பிறையும் வரைந்து காலையையும் இரவையும் காட்டும் எளிய வழக்கம் உலகின் பல பகுதிகளில் பயன் தந்துள்ளது.

மருந்தின் பெயர் என்று இங்கே சொல்லப்படுவது அதன் பொதுப்பெயரை, அதாவது உற்பத்தி செய்யும் நிறுவனம் இட்ட வணிகப்பெயரை விடுத்து, உள்ளே இருக்கும் மருந்துப் பொருளுக்கு உலகம் ஏற்றுக்கொண்ட பெயரை ஆகும். பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாகி, மருந்துகளைப் பொதுப்பெயரில் கொள்வனவு செய்யும் கொள்கையை இலங்கை உலகுக்கே காட்டியது. அதன் பயனை அதிகம் உணரவேண்டிய இடங்களுள் முதியோர் இல்லமும் ஒன்று. கனடாவிலிருந்து மகன் அனுப்பும் பொதியில் ‘ரைலனோல்’ என்றும், கடையில் வாங்கிய அட்டையில் ‘பனடோல்’ என்றும், வைத்தியசாலைப் பையில் ‘பரசிற்றமோல்’ என்றும் எழுதப்பட்டிருப்பது ஒரே மருந்து. மூன்றையும் மூன்று மருந்துகளென எண்ணி ஒருவருக்கே கொடுத்தால், ஒரு நாளுக்குரிய உச்ச அளவாகிய 4 கிராமைக் கடந்து ஈரல் பழுதாகும் நிலை வரக்கூடும். மெலிந்த முதியவருக்கு அந்த உச்ச அளவே கூடுதலாக இருக்கலாம். புலம்பெயர்ந்த பிள்ளைகள் அன்போடு அனுப்பும் மருந்துகள் அலுமாரிக்குள் போவதற்கு முன் வைத்தியரின் கண்ணிலோ மருந்தாளரின் கண்ணிலோ பட்டாக வேண்டும் என்று இல்லங்கள் கண்டிப்பாக இருப்பது அந்த அன்புக்குச் செய்யும் மரியாதையே.

இதற்கு நேர்மாறான இடரும் உண்டு. நீரிழிவுக்குத் தரப்படும் மெற்போமினும் தொற்றுக்குத் தரப்படும் மெற்றோனிடசோலும், வலிப்புக்குரிய கார்பமசெப்பினும் கேடயச் சுரப்பி மிகைக்குரிய கார்பிமசோலும், ஒலியில் நெருங்கியவை. பையின் மேல் முதல் சில எழுத்துகளை மட்டும் எழுதிவிட்டால் எது எதுவென்று பிரிக்க இயலாது. வேளை தவறுவதால் உயிர் போகும் மருந்துக்கு மெதோற்றெக்சேற் சான்று. மூட்டுவாதத்துக்குச் சிறிய அளவில் கொடுக்கப்படும் இம்மருந்து வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் உண்ணத்தக்கது. ஏனைய குளிசைகளோடு சேர்த்து நாள்தோறும் கொடுக்கப்பட்டால் எலும்பு மச்சை குருதியணுக்களை உருவாக்குவதை நிறுத்திவிடும். இத்தகைய மரணங்கள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. இந்த மருந்தின் பையில் ‘வாரம் ஒரு முறை’ என்று எழுதினால் மட்டும் போதாது. எந்தக் கிழமை என்பதையும், ‘நாளும் கொடுக்கக் கூடாது’ என்பதையும் சிவப்பு மையில் எழுதி, பையைத் தனி இடத்தில் வைக்க வேண்டும்.

மருந்து சரியாக இருந்தும் ஆள் மாறுவது இல்லங்களுக்கே உரிய தவறு. ஓர் இல்லத்தில் இரண்டு தங்கம்மாக்களும் மூன்று கந்தசாமிகளும் இருப்பது இப்பகுதியில் வியப்பில்லை. கட்டில் இலக்கத்தை நம்புவதற்கும் இல்லை, ஏனெனில் காற்றுக்காகவோ மழை ஒழுக்குக்காகவோ கட்டில்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். நீரிழிவு இல்லாத ஒருவருக்குக் கிளிபென்கிளமைட் போன்ற சீனி குறைக்கும் குளிசை தவறிப் போய்ச் சேர்ந்தால், குருதியில் வெல்லம் தாழ்ந்து, வியர்வையும் தடுமாற்றமும் உறக்கமும் தோன்றும். சிறுநீரகம் தளர்ந்த முதியவரில் அந்த நிலை ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கலாம். இளையவர் ஒருவருக்கு இவ்வாறு நேர்ந்தால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடுவர். முதியவருக்கு நேர்ந்தால் ‘வயது போய்விட்டது, இன்று கொஞ்சம் சோர்வு’ என்று போர்வையை இழுத்துவிட்டுப் போய்விடுவதும் நடக்கும். முதுமையின் அறிகுறிகளுக்குள் மருந்துத் தவறு ஒளிந்துகொள்கிறது என்பதே இந்த விடயத்தின் மிகக் கொடிய பகுதி.

இதை வறிய நாடுகளின் குறையென்று எண்ணிவிடவும் கூடாது. பிரித்தானியாவில் 55 பராமரிப்பு இல்லங்களில் வாழ்ந்த 256 முதியோரை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வொன்று, அவர்களுள் நூற்றுக்கு 69.5 பேருக்கு, எழுதுவதிலோ வழங்குவதிலோ கொடுப்பதிலோ கண்காணிப்பதிலோ ஒரு மருந்துத் தவறாவது நிகழ்ந்திருந்ததைக் கண்டது. ஒவ்வொருவரும் சராசரியாக எட்டு மருந்துகள் உட்கொண்டுவந்தனர். உலக சுகாதார நிறுவனம் 2017இல் ‘தீங்கற்ற மருந்து’ என்ற பொருளில் உலகளாவிய திட்டம் ஒன்றைத் தொடங்கியபோது, மருந்துத் தவறுகளால் உலகுக்கு ஆண்டுதோறும் ஏற்படும் செலவை 42 பில்லியன் அமெரிக்க டொலர் என மதிப்பிட்டது.

ஆள்மாறாட்டத்தைத் தடுக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒவ்வொருவருக்கும் தனியான, மூடியுள்ள ஒரு பெட்டி. அதன் மேல் பெயரும் ஒளிப்படமும். ஒவ்வாமை ஏதும் இருந்தால் அதன் குறிப்பு. உள்ளே அவருடைய கிளினிக் கொப்பியும் மருந்துப் பைகளும். இதனோடு ஒரு மருந்து வழங்கல் பதிவேடு வேண்டும். குளிசை விழுங்கப்பட்ட பிறகே அதில் ஒப்பமிட வேண்டும். மறுத்துவிட்டாலோ துப்பிவிட்டாலோ அதையும் எழுத வேண்டும். வேலையை விரைவாக முடிக்கும் பொருட்டு, விடியற்காலையிலேயே எல்லோருடைய குளிசைகளையும் பெயரற்ற சிறு கிண்ணங்களில் பிரித்து வைக்கும் பழக்கம் கைவிடப்பட வேண்டியது. பையை விட்டு வெளியே வந்த வெள்ளைக் குளிசை ஒன்றை மற்றொரு வெள்ளைக் குளிசையிலிருந்து பிரித்தறிவது மருந்தாளருக்கே கடினம். நோன்புக் காலங்களில் இந்தப் பதிவேட்டுக்குக் கூடுதல் கவனம் தேவை. காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ றமழான் நோன்பு பிடிக்கும் முதியவருக்கும், கந்தசஷ்டி விரதமிருக்கும் முதியவருக்கும், ‘காலை, பகல், இரவு’ என எழுதப்பட்ட பைகள் பொருந்தாமற் போகின்றன. உணவின்றி இன்சுலின் ஏற்றப்பட்டால் விளைவு உயிராபத்து. நோன்பு தொடங்குமுன் கிளினிக்கில் கேட்டு, மாற்றிய வேளைகளைப் பையிலும் பதிவேட்டிலும் எழுதிவிடுவதே பாதுகாப்பு.

இனி வாவிக்கரையின் தட்பவெப்பம். மருந்துகள் எத்தனை காலம் கெடாதிருக்கும் என்பதைச் சோதிப்பதற்காக உலகம் வெப்பநிலை வலயங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இலங்கை போன்ற வெம்மையும் ஈரமும் மிக்க நாடுகள் நான்காம் வலயத்தைச் சேர்ந்தவை. அவற்றுக்கான சோதனை 30 பாகை செல்சியஸில், காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 65 அல்லது 75 இருக்கும் நிலையில் நடத்தப்படுகிறது. பல மருந்துப் பெட்டிகளில் ‘30 பாகைக்குக் கீழ் வைக்கவும்’ என்று காணப்படுவது இதனாலேயே. மலைநாட்டைத் தாண்டி இறங்கும்போது ஈரத்தை இழந்து சூடேறி வரும் கச்சான் காற்று வீசும் மாதங்களில், மட்டக்களப்பின் பகல் வெப்பம் 33 பாகையைத் தொடுவதும் கடப்பதும் வழக்கம். சீற்றுக் கூரையின் கீழ், மேற்கு வெயில் படும் சுவரில் சாய்ந்து நிற்கும் அலுமாரியின் உள்ளே அது மேலும் ஏறும். ஐப்பசி தொடங்கித் தை வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழையின்போது இடர் தலைகீழாகி, கடதாசிப் பை நமத்து, எழுத்துக் கரைந்து, குளிசையும் உப்பத் தொடங்குகிறது.

ஈரம் மருந்தை எவ்வாறு கெடுக்கிறது என்பதற்கு, மாரடைப்பைத் தவிர்க்கக் கொடுக்கப்படும் அஸ்பிரின் நல்ல எடுத்துக்காட்டு. காற்றிலுள்ள நீராவியால் அது சிதைந்து சலிசிலிக் அமிலமாகவும் அசற்றிக் அமிலமாகவும் பிரிகிறது. பின்னையது வினாகிரியின் அமிலமே ஆதலால், பையைத் திறந்ததும் வினாகிரி மணம் வீசினால் அந்த அஸ்பிரினை எறிந்துவிட வேண்டும். நெஞ்சுவலி வந்ததும் நாவின் கீழ் வைக்கும் கிளைசரில் ட்ரைநைட்ரேற் குளிசையின் கதை இன்னும் கவனத்துக்குரியது. அந்த மருந்து தானாகவே ஆவியாகும் இயல்புடையது. கடதாசிப் பையிலும் பிளாஸ்ரிக் டப்பாவிலும் வைத்தால் அது வெளியேறிவிட, குளிசையின் வடிவம் மட்டும் எஞ்சும். அதனால்தான் அது இறுக மூடிய கண்ணாடிப் போத்தலிலேயே இருக்க வேண்டும் என்றும், திறந்து எட்டு வாரங்களில் மாற்றப்பட வேண்டும் என்றும் மருந்தியல் கைநூல்கள் வலியுறுத்துகின்றன. நள்ளிரவில் வலி வந்தபோது பயனற்ற குளிசை ஒன்றைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதைவிடப் பெரிய ஏமாற்றம் வேறில்லை. காலாவதியான மருந்து பலன்தான் குறையும், தீங்கு செய்யாது என்ற பொதுவான நம்பிக்கையும் முழு உண்மையன்று. சிதைந்த ரெற்றாசைக்கிளின் சிறுநீரகத்தைப் பாதித்தமை 1963லேயே மருத்துவ இதழ்களில் பதிவாகியது.

இன்சுலின் திறக்கப்படாத நிலையில் 2 முதல் 8 பாகை வரை குளிரில் இருக்க வேண்டும். உறைந்துவிட்டால், பின்னர் உருகினாலும் பயன்படுத்தலாகாது. குளிர்சாதனப் பெட்டியின் பனிக்கட்டி அறையை ஒட்டியும், அடிக்கடி திறந்து மூடும் கதவிலும் வைக்காமல், நடுத்தட்டில் தனிப் பெட்டியில், மீனும் தயிரும் தொடாதபடி வைப்பதே முறை. திறந்த குப்பியில் திறந்த திகதியை எழுதி, பெரும்பாலான வகைகளை 28 நாட்களில் மாற்ற வேண்டும். கண்ணுக்கு இடும் துளிமருந்துகளுக்கும் பொதுவாக இதே 28 நாள் எல்லை பொருந்தும். 2022 மார்ச் இறுதியில் நாடு 13 மணிநேர மின்வெட்டுக்குள் தள்ளப்பட்டபோது, குளிர்சாதனப் பெட்டியை மட்டும் நம்பியிருத்தல் எவ்வளவு நொய்மையானது என்பது தெரிந்தது. ஜெனீவாப் பல்கலைக்கழகமும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் கென்யாவின் அகதி முகாமொன்றின் வெப்பநிலையை அடிப்படையாகக் கொண்டு நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வு, 25 முதல் 37 பாகை வரை ஏறி இறங்கும் வெப்பத்தில் நான்கு வாரங்கள் இருந்த இன்சுலின் தன் ஆற்றலை இழக்கவில்லை என்று காட்டியது. நீர் ஆவியாவதால் குளிரும் மண்பானைக்குள், நீர் படாதபடி மூடிய டப்பாவில் குப்பியை வைக்கும் எளிய முறையும் பல வெப்ப நாடுகளில் சோதித்துப் பார்க்கப்பட்டுள்ளது. பெட்டியிலுள்ள அறிவுறுத்தலுக்கு இவை மாற்றாகா. ஆனால் மின்சாரம் நின்ற நாளில் இன்சுலினைக் குப்பையில் எறிந்துவிட்டு ஊசியையே நிறுத்திவிடுவதைவிட, இவற்றை அறிந்திருப்பது நல்லது.

பூட்டு பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அலுமாரி பூட்டப்பட்டிருக்க வேண்டும்; திறப்பு, அந்த வேளைக்குப் பொறுப்பான ஒருவரிடம் மட்டும் இருக்க வேண்டும்; மோபீன் போன்ற கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள் உள்ளே இன்னொரு பூட்டுக்குள், எண்ணிக்கை எழுதும் தனிக் கொப்பியோடு இருக்க வேண்டும். கிருமிநாசினியும் மண்ணெண்ணெயும் அந்த அலுமாரியின் பக்கமே வரக்கூடாது. மனமுடைந்த முதியவர்களும் இல்லங்களில் வாழ்கிறார்கள் என்பதை நினைத்தால் பூட்டின் தேவை இன்னும் தெளிவாகும். கொடிய பூச்சிகொல்லிகளைத் தடைசெய்ததன் வழியாக இலங்கையில் 1990களின் நடுப்பகுதிக்குப் பின் தற்கொலைகள் பெருமளவு குறைந்தமை, ஆபத்தான பொருளை எட்டாத இடத்தில் வைப்பது உயிரைக் காக்கும் என்பதற்கு இந்நாடே தந்த சான்று.

இறந்தவருடைய மருந்தும், வைத்தியர் நிறுத்திய மருந்தும் அலுமாரியில் தங்கிவிடுவது பலரும் கவனியாத ஆபத்து. வீணாக்க மனமின்றி அவற்றை இன்னொருவருக்குக் கொடுப்பது இரக்கத்தால் விளையும் தவறு. கழிவறையிலோ வாவியிலோ கொட்டுவதும் தீர்வன்று. கடலுக்கும் வாவிக்கும் நடுவேயுள்ள மணற்பாங்கான நிலத்தில் கிணறுகள் ஆழமற்றவை, கழிவறைக் குழியில் கரைந்தது குடிநீருக்குள் ஊறிவர அதிக தூரம் இல்லை. அருகிலுள்ள வைத்தியசாலையின் மருந்தகத்தில் ஒப்படைப்பதே ஏற்ற வழி.

அமெரிக்காவில் 1987இன் பராமரிப்பு இல்லச் சீர்திருத்தச் சட்டத்தின் வழிவந்த கூட்டாட்சி விதிகள், மருந்துகள் பூட்டிய இடத்தில், உரிய வெப்பநிலையில், காலாவதித் திகதியும் எச்சரிக்கையும் கொண்ட விவரச்சீட்டோடு இருக்க வேண்டும் என்று கட்டளையிடுகின்றன. ஆய்வாளர் வந்து அலுமாரியைத் திறந்து பார்ப்பார். இலங்கையில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் முதியோருக்கான தேசிய சபையை உருவாக்கி, இல்லங்கள் பதிவுசெய்யப்படுவதற்கு வழிசெய்தது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையை நிறுவியது. முன்னையது இல்லத்தின் வாசல் வரைக்கும், பின்னையது மருந்துக் கடையின் வாசல் வரைக்கும் வந்து நிற்க, நடுவிலிருக்கும் அலுமாரிக்குப் பொறுப்பேற்பவர் குறைந்த சம்பளத்தில், உரிய பயிற்சியின்றி உழைக்கும் பராமரிப்பாளரே. தவறு நேர்ந்தால் அவரை மட்டும் குற்றவாளியாக்குவது நீதியாகாது.

மாவட்டத்தின் சுகாதாரப் பணிமனையும் பிரதேச செயலகங்களின் சமூக சேவை உத்தியோகத்தர்களும், தாதியர் கல்வியை வழங்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதார பராமரிப்பு விஞ்ஞான பீடமும் கைகோத்தால், ஒவ்வொரு இல்லத்துக்கும் மாதம் ஒரு முறை மருந்தாளர் ஒருவரோ தாதிய மாணவர் குழுவொன்றோ சென்று அலுமாரியைப் பரிசோதிக்கும் ஏற்பாட்டைத் தொடங்குவதற்குப் பெருஞ்செலவு தேவைப்படாது. அதுவரை காத்திருக்க வேண்டியதில்லாத ஒரு வேலை உறவினருக்கு உண்டு. அடுத்த முறை தாயையோ தந்தையையோ காண இல்லத்துக்குச் செல்வோர், பழங்களைக் கொடுத்துவிட்டுத் திரும்பாமல், பராமரிப்பாளரோடு அமர்ந்து கிளினிக் கொப்பியையும் மருந்துப் பைகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கட்டும். எழுத்து விளங்காத பையை எடுத்துக்கொண்டு வைத்தியசாலை மருந்தகத்துக்குச் சென்று, அதைத் தமிழில் எழுதித் தரும்படி கேட்கட்டும்.